கல்வியும் தொழிற்களமும்

கற்றபின்னரே தொழில் என்னும் எண்ணம் நம்மிடையே நெடுங்காலமாக வேரூன்றியுள்ளது. 1906ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சின்சினாட்டிப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஹெர்மன் ஷ்னைடர் இம்முறையை மாற்றினார். அவர்தம் பொறியியல் மாணவர் வகுப்பறையிலும் தொழிற்சாலையிலும் மாறிமாறிப் பயின்றனர்.

இலங்கையில் 1971ஆம் ஆண்டின் இளைஞர் கிளர்ச்சி, படித்தோர் வேலையின்றி வாடுவதை அரசுக்கு உணர்த்திற்று. அதனையடுத்துப் பல்கலைக்கழகத்தில் தொழில்சார் பாடநெறிகள் புகுத்தப்பட்டன. எனினும், பாடநெறியின் பெயர் மாறுவதால் மட்டும் கைப்பழக்கம் வந்துவிடாது. மாணவரை ஏற்கும் தொழிற்களமும் வேண்டும்.

அம்பாறைக் கரையோரத்தில் அக்களம் உண்டு. 1995 ஒக்டோபரில் அட்டாளைச்சேனையில் தோன்றிய தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி, 1996இல் பல்கலைக்கழகமாகிப் பின்னர் ஒலுவிலில் நிலைகொண்டது. அதற்கு வடக்கே நிந்தவூரின் வயல்களும், சாய்ந்தமருதின் மீன்பிடி வள்ளங்களும், கல்முனையின் கடைத்தெருவும், மருதமுனையின் கைத்தறிகளும் அடுத்தடுத்து அமைந்துள்ளன.

முகாமைத்துவம் பயிலும் மாணவர் ஒருவர் ஒரு விடுமுறையை நெசவாளரின் கணக்கேட்டுடன் கழிப்பாராயின், நூல்விலை, சாயச்செலவு, கடன் ஆகியவற்றை நேரிற் கற்பார். நெசவாளரும் தம் உழைப்புக்கு உண்மையில் எஞ்சும் ஊதியத்தை அறிவார். அவ்வறிவு இருவருக்கும் உரியது. ஊருக்குப் பயன்படாத பட்டம், பெற்றவருக்கும் முழுப்பயன் தருவதில்லை.