ஃபிளாஷ் முகப்பு அசைவுப்படம்

ஒரு காலத்தில் இணையதளம் திறந்ததும் முதலில் ஓடிய குறும்படம். 1996-இல் வெளிவந்த ஃபியூச்சர்ஸ்பிளாஷ் மென்பொருளை மேக்ரோமீடியா நிறுவனம் வாங்கி, ஃபிளாஷ் என்று பெயர் மாற்றிய பிறகு இது பரவியது.

அன்று புதிதாகத் தொடங்கியவர் முதலில் பழக வேண்டியிருந்தது கோப்பைச் சிறிதாக வைத்திருப்பது. 56 கிலோபிட் மோடத்தில் நொடிக்கு ஏறத்தாழ 7 கிலோபைட்தான் இறங்கியது. 70 கிலோபைட் கோப்புக்கே 10 நொடி காத்திருக்க வேண்டியிருந்தது. அதனால் ஒரு நட்சத்திரத்தை ஒருமுறை வரைந்து, ‘சிம்பல்’ ஆக்கி, இருபது இடங்களில் வைத்தார்கள். கோப்பில் அந்த வடிவம் ஒருமுறைதான் பதிந்தது. தொடக்க நிலையையும் இறுதி நிலையையும் கொடுத்தால், இடைப்பட்ட அசைவை ‘ட்வீன்’ என்ற வசதி நிரப்பிவிட்டது.

எவ்வளவு அழகான படமானாலும் அதைத் தாண்டிச் செல்ல ‘ஸ்கிப்’ பொத்தான் கட்டாயம் தேவைப்பட்டது. அவசரமாக வந்தவரைக் காக்க வைப்பது முறையல்ல.

ஃபிளாஷ் பிளேயருக்கான ஆதரவை, மேக்ரோமீடியாவைப் பின்னர் வாங்கிய அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31-உடன் நிறுத்தியது. இன்று இணையதளங்களில் அசைவு காட்டும் வேலையை சிஎஸ்எஸ், எஸ்விஜி ஆகிய தொழில்நுட்பங்கள் செய்கின்றன.