ஹோண்டா ஃபிட்

ஹோண்டா ஃபிட் ஜப்பானிய ஹோண்டா நிறுவனம் 2001 ஜூனில் வெளியிட்ட ஐந்து கதவுச் சிறிய கார். ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் ஜாஸ் என்ற பெயரில் விற்கப்பட்டது. ஒரே காரில் குடும்பத்தையும் ஏற்றி, சாமானையும் ஏற்றி, பெட்ரோல் செலவையும் அடக்க நினைப்பவர்களுக்காகவே உருவானது.

இதன் வேர் 1981இல் வந்த ஹோண்டா சிட்டியில் இருக்கிறது. நீளத்தைக் குறைத்து, கூரையை உயர்த்தி, பயணிகளை நிமிர்ந்து உட்காரவைத்தால் சிறிய காரிலும் தாராளமாக இடம் கிடைக்கும் என்பதை அது காட்டியது. 1986இல் வந்த இரண்டாம் சிட்டியின் கூரையைத் தாழ்த்தி, அந்த நல்ல யோசனையை ஹோண்டா கைவிட்டது. 1996இல் ஹோண்டா கொண்டுவந்த லோகோ என்ற சிறிய காரும் எடுபடவில்லை. 1999இல் டொயோட்டா விட்ஸ் சந்தையைப் பிடித்துக்கொண்டது. இந்த நெருக்கடியில்தான் அடித்தளத்திலிருந்தே புதிய கார் ஒன்றை வடிவமைத்தார்கள்.

ஃபிட்டின் புகழுக்கு அதன் எஞ்சினைக் காரணம் சொல்வோர் உண்டு. உண்மையான காரணம் பெட்ரோல் டேங்க் இருக்கும் இடம். பெரும்பாலான கார்களில் அது பின்னிருக்கைக்கு அடியில் இருக்கும். ஃபிட்டில் முன்னிருக்கைகளுக்கு அடியில் வைத்தார்கள். அதனால் பின்பகுதியின் தரை தாழ்ந்தது. பின்னிருக்கையின் முதுகைச் சாய்த்தால் இருக்கை முழுவதுமே கீழே அமிழ்ந்து தரை சமமாகிவிடும். சைக்கிளை உள்ளே ஏற்றலாம். உட்காரும் பலகையை மேலே மடக்கி நிறுத்தினால் தரையிலிருந்து கூரைவரை இடம் திறக்கும். தொட்டிச் செடியைச் சாய்க்காமல் நிற்கவைத்தே கொண்டுபோகலாம். முன்னிருக்கையையும் சாய்த்துவிட்டால் இரண்டு மீட்டருக்கும் நீளமான பொருள் அடங்கும். இத்தனையும் 3.83 மீட்டர் நீளமே உள்ள காரில்! இதைவிட நீளமான பல கார்களில் இந்த வசதி கிடையாது.

எஞ்சினும் சளைத்ததல்ல. 1,339 சிசி, சிலிண்டருக்கு இரண்டு ஸ்பார்க் பிளக். எரிபொருள் வீணாகாமல் விரைந்து எரிய அது உதவியது. ஜப்பானியச் சோதனை முறையில் லிட்டருக்கு 23 கிலோமீட்டர் கொடுத்தது. சாலையில் அதைவிடக் குறையும். விலை பத்து லட்சம் யென்னைச் சற்றே தாண்டியது. 2002இல் ஜப்பானில் மட்டும் சுமார் இரண்டரை லட்சம் ஃபிட்டுகள் விற்றன. குட்டிக் கார்களான கெய் வகையைத் தவிர்த்த விற்பனைப் பட்டியலில், 33 ஆண்டுகள் தொடர்ந்து முதலிடத்தில் இருந்த டொயோட்டா கொரோலா அந்த ஆண்டு இறங்கியது.

2010இல் ஹைபிரிட் வகை வந்தது. 2013இல் வந்த மூன்றாம் தலைமுறை ஹைபிரிட், கியர்பெட்டிக் கோளாறு உள்ளிட்ட காரணங்களால் பலமுறை திரும்ப அழைக்கப்பட்டது.

இந்தியாவில் 2009இல் 1.2 லிட்டர் எஞ்சினுடன் அறிமுகமான ஜாஸ், விலை அதிகம் என்ற பேச்சிலிருந்து மீளவே இல்லை. இடையில் நிறுத்தப்பட்டு, 2015இல் மீண்டு வந்து, 2023இல் விடைபெற்றது. இலங்கையில் ஜப்பானிலிருந்து இறக்குமதியான பழைய ஹைபிரிட் ஃபிட்டுகள் இன்றும் ஏராளமாக ஓடுகின்றன. நான்காம் தலைமுறை 2020 பிப்ரவரியில் ஜப்பானில் வெளியானது. அமெரிக்காவில் அதே ஆண்டு ஃபிட் விற்பனை நிறுத்தப்பட்டது.