மூச்சை எண்ணிய மருத்துவம்

1816இல் பாரிசில் லேனெக் ஸ்டெதாஸ்கோப்பைச் செய்தது முதல் நிமோனியாவைக் கண்டறிவது காதின் வேலையாக இருந்தது. எக்ஸ்ரே வந்தபின் கண்ணின் வேலையும் ஆயிற்று. இரண்டுக்கும் டாக்டர் வேண்டும். ஆனால் டாக்டர் எட்டாத ஊர்களில்தான் நிமோனியா பிள்ளைகளை அதிகம் கொண்டுபோனது. இந்தச் சிக்கலை அவிழ்த்தது புதுக் கருவி எதுவுமல்ல. நுட்பத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க மருத்துவம் சம்மதித்ததுதான். நுரையீரல் விறைத்துப்போன குழந்தையால் ஆழமாக மூச்சிழுக்க முடியாது. அதனால் வேகவேகமாக இழுக்கும். நோய் முற்றினால், இழுக்கும்போதே விலாவுக்குக் கீழே பள்ளம் விழும். சட்டையைத் தூக்கிப் பார்த்தால் யாருக்கும் தெரியும். பாப்புவா நியூகினியில் பார்த்ததை வைத்து பிராங்க் ஷானும் சக மருத்துவர்களும் 1984இல் இதை எழுதினார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தாமஸ் செரியன், ஜேக்கப் ஜான் முதலியோர் சோதித்துப் பார்த்து 1988இல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள்: ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு நிமிடத்துக்கு 50, அதைத் தாண்டிய பிள்ளைக்கு 40, இதற்கு மேல் போனால் நோய் நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலும் ஏறத்தாழ இதுவே. அந்த ஆய்வில் அதிகம் பேசப்படாத முடிவு ஒன்று உண்டு. பிள்ளைக்கு மூச்சு வாங்குகிறது என்று வீட்டார் சொன்னதும் நம்பத்தக்க அடையாளமாகவே தேறியது.

எண்ணிக்கையை நம்பினால், வெறும் வீசிங் உள்ள பிள்ளைக்கும் வைரஸ் சளி பிடித்த பிள்ளைக்கும் ஆன்டிபயாடிக் போய்ச்சேருமே என்பார்கள். போகத்தான் செய்தது. அழுகையிலும் காய்ச்சலிலும் மூச்சு கூடும் என்பதும் உண்மை. அதனால்தான் குழந்தை அமைதியாக இருக்கையில் முழு ஒரு நிமிடம் எண்ணச் சொன்னார்கள். வீணான மருந்தை ஒரு தட்டிலும் தவறவிட்ட குழந்தையை மறுதட்டிலும் வைத்தால் தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதற்குச் சான்று உண்டு. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் தம்பதியினர் கிராமப் பணியாளர்களுக்கும் மருத்துவச்சிகளுக்கும் இதைக் கற்றுக்கொடுத்தபின் இறப்பு குறைந்தது. இத்தகைய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த சசாவலும் பிளாக்கும், ஐந்து வயதுக்குட்பட்டோரின் நிமோனியா மரணம் 36 சதவீதம் குறைந்ததாக 2003இல் கணக்கிட்டார்கள். எக்ஸ்ரேக்காகக் காத்திருந்தால் இது நடந்திருக்காது. கடினமான ஆட்சேபம் வேறு: ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைந்திருப்பதை எண்ணிக்கை காட்டாது. இதற்கு விடை, எண்ணுவதைக் கைவிடுவதல்ல. குழந்தை விரலுக்குப் பொருந்தும் ஆக்சிமீட்டர் ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அதற்குத் துணையாக இருக்க வேண்டும்.