பீமன் எப்போது சாப்பிட்டான்?

போன புரட்டாசியில் டாக்டர் என் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, "சுகர் எல்லையில நிக்கி. மாத்திரை இப்ப வேண்டாம். நடங்க, முடிஞ்சா ஓடுங்க" என்றார். எப்போது ஓடவேண்டும் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நாற்பத்து நாலு வயதில் ஓட ஆரம்பிக்கிறவனுக்குக் காலைப் பற்றித்தான் கவலை இருக்கும். வயிற்றைப் பற்றிக் கவலைப்படணும் என்று எனக்கு யார் சொல்லித் தந்தார்கள்?

முதல் ஓட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் இரண்டரைக்குச் சாப்பாடு. சம்பா அரிசிச் சோறு, உள்ளித் தீயல், அவியல், புளிச்சேரி. நாலரைக்கு கொட்டாரத்திலிருந்து அகஸ்தீசுவரம் போகிற ரோட்டில் இறங்கினேன். பத்து நிமிஷம் ஆகவில்லை, வலது விலாவில் ஊசி குத்தினாற்போல ஒரு வலி. அதற்குப் பின்னாலேயே தீயல் தொண்டைவரை ஏறி வந்தது. ஒரு தென்னையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எதிரே மருந்துவாழ்மலை. சஞ்சீவி மலையிலிருந்து விழுந்த துண்டு என்று சொல்லும் மலை. எனக்கு அன்றைக்கு ஒரு மருந்தும் வாழவில்லை.

வீட்டில் இதைச் சொன்னபோது சித்தப்பா சிரித்தார். "லே மக்கா, வயிறு நெறயத் தின்னுட்டு எவனாவது ஓடுவானா? சிவாலயத்துக்கு ஓடுதவன் என்ன தின்னுகான்னு பாத்திருக்கியா?"

பார்த்ததில்லை. அங்கிருந்துதான் இந்தக் குறிப்பு தொடங்குகிறது.

சிவாலய ஓட்டம் தெரியாதவர்களுக்காக: மாசி மாதம் சிவராத்திரியை ஒட்டி, குமரி மாவட்டத்தில் பன்னிரண்டு சிவன் கோவில்களை ஓடியும் நடந்தும் தரிசிப்பது. முஞ்சிறை திருமலையில் தொடக்கம். பிறகு திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு, கடைசியில் திருநட்டாலம். மொத்தம் நூறு கிலோமீட்டருக்கு மேல். காவி உடுத்தி, கையில் பனையோலை விசிறியோடு, "கோவிந்தா, கோபாலா" என்று கூப்பிட்டுக்கொண்டு போவார்கள். சிவன் கோவிலுக்கு ஓடுகிறவன் விஷ்ணு பெயரைச் சொல்வான், அவனுக்குப் பெயரே கோவிந்தன்தான். பன்னிரண்டும் பழைய கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களில் உள்ளவை. தோவாளையும் அகஸ்தீசுவரமும் சேர்ந்த எங்கள் நாஞ்சில் நாட்டில் ஒன்றுகூடக் கிடையாது. அதனால் கொட்டாரத்துக்காரனுக்கு இது கொஞ்சம் அடுத்த வீட்டு விசேஷம் மாதிரி. சித்தப்பாவுக்கு விளவங்கோடு பக்கம் பெண் எடுத்ததால் அவர் மூன்று தடவை ஓடியிருக்கிறார்.

கதை பீமனுடையது. தருமனின் யாகத்துக்காகப் புருஷாமிருகத்தைத் தேடிப் போகிறான் பீமன். பாதி மனிதன், பாதி விலங்கு. மகா சிவபக்தன், விஷ்ணு பெயரைக் கேட்டால் ஆகாது. பீமன் கோவிந்தா கோபாலா என்று கத்த, அது துரத்துகிறது. கண்ணன் கொடுத்த பன்னிரண்டு உருத்திராட்சங்களில் ஒன்றைக் கீழே போட்டால் அது லிங்கமாகிவிடும். புருஷாமிருகம் நின்று பூசை செய்யும், அந்த இடைவெளியில் பீமன் ஓடிவிடுவான். பூசை முடிந்ததும் மறுபடி துரத்தல். அப்படி உருத்திராட்சம் விழுந்த இடங்கள்தான் பன்னிரண்டு கோவில்களும் என்பது ஐதீகம். அ.கா.பெருமாள் 'சிவாலய ஓட்டம்' என்றே ஒரு நூல் எழுதியிருக்கிறார், விரிவாக வேண்டுமென்றால் அங்கே போகலாம்.

என்னைப் பிடித்து நிறுத்தியது வேறு விஷயம். பீமனுக்கு விருகோதரன் என்று ஒரு பெயர் உண்டு. ஓநாய் வயிற்றுக்காரன். பாரதத்தில் பாண்டவர்கள் ஏகசக்கர நகரில் பிச்சை எடுத்து வாழ்ந்தபோது, கிடைத்ததில் பாதி பீமனுக்கு மட்டும், மீதிப் பாதிதான் மற்ற எல்லோருக்கும். இப்படிப்பட்ட சாப்பாட்டு ராமனை நாயகனாக வைத்துவிட்டு, அவன் வழியில் ஓடுகிறவனுக்கு மட்டும் வயிற்றைக் கட்டச் சொல்லியிருக்கிறார்கள்!

ஓட்டத்துக்குச் சில நாட்கள் முன்னாலேயே மாலை போட்டு விரதம் தொடங்கிவிடும். முறை ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு மாறும். மீனும் இறைச்சியும் எங்கேயும் கிடையாது. கட்டுப்பாடானவர்கள் அடுப்பு ஏறாததை மட்டும்தான் தொடுவார்கள்: இளநீர், நுங்கு, பழம். ஓட்டத்தின்போது வழியெங்கும் பானகம், மோர், சுக்குநீர், சில இடங்களில் கஞ்சி. எதுவும் கொஞ்சம் கொஞ்சம்தான். ஒவ்வொரு கோவிலிலும் குளித்துவிட்டு, ஈரத்துணியோடு தரிசனம், மறுபடி ஓட்டம். சராசரியாக ஒன்பது, பத்து கிலோமீட்டருக்கு ஒரு நிறுத்தம் வருகிறது.

இதை யாரும் உடற்பயிற்சி நூலாக எழுதிவைக்கவில்லை. "நம் முன்னோர் அன்றே அறிந்திருந்தனர்" என்று முடித்துவிட எனக்கு விருப்பமும் இல்லை. விரதத்தின் நோக்கம் வேறு. ஆனாலும் பலன் ஒன்று தானாக அமைந்துவிட்டது: வயிற்றில் கனமான எதுவும் இல்லாமல் கிளம்புகிறார்கள், வழியில் சர்க்கரையும் தண்ணீரும் உப்பும் சிறுகச் சிறுக உள்ளே போகிறது.

எல்லோருக்கும் இது கிடைத்ததா என்றால், இல்லை. திருவிதாங்கூரில் 1936 நவம்பர் 12-இல் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வரும்வரை இந்த மாவட்டத்து மக்களில் பெரும்பகுதிக்குக் கோவில் வாசல் திறக்கவில்லை. கல்குளம் கோவிலுக்குப் பக்கத்திலேயே பத்மநாபபுரம் அரண்மனை. அங்கே ஊட்டுப்புரையைப் பார்க்காமல் யாரும் திரும்ப மாட்டார்கள். இரண்டு தளம், தளத்துக்கு ஆயிரம் பேர் உட்கார்ந்து சாப்பிடலாம். அந்தப் பந்தி பிராமணர்களுக்கு. விசிறியோடு ஓடி வந்த குடியானவனுக்கு அதில் இலை கிடையாது, அவனுக்குப் பானகம்தான். ஓடுகிறவனுக்கு அதுவே நல்லது என்பதை வேண்டுமானால் வேடிக்கையாகச் சொல்லிக்கொள்ளலாம்.

இதே விஷயத்தை வெளிநாட்டுக்காரர்கள் கற்றுக்கொள்ளப் பட்ட பாடு தனிக்கதை. 1904 செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக்கில் மாரத்தான் ஓடியது ஆகஸ்ட் வெயிலில், புழுதி ரோட்டில். வழியில் தண்ணீர் ஓரிரு இடங்களில் மட்டும். 32 பேர் கிளம்பி 14 பேர்தான் முடித்தார்கள். முதலாவதாக வந்தவருக்கு வழியில் முட்டை வெள்ளையும் பிராந்தியும் கொஞ்சம் எட்டிக்காய் விஷமும் கொடுத்துத்தான் ஓட்டியிருக்கிறார்கள். கியூபாவிலிருந்து வந்த பெலிக்ஸ் கார்வகால் பசி தாங்காமல் ஒரு தோட்டத்தில் ஆப்பிள் பறித்துத் தின்று, வயிற்றுவலியில் கொஞ்சம் படுத்து, பிறகும் எழுந்து ஓடி நாலாவது வந்தார் என்று சொல்வார்கள். எனக்கு அவர்மேல் தனிப் பிரியம்.

அதற்குப் பிறகு 1924-இல் பாஸ்டன் மாரத்தானில் சாமுவேல் லெவின் என்ற டாக்டரும் கூட்டாளிகளும் ஓடி முடித்தவர்களின் ரத்தத்தை எடுத்துப் பார்த்தார்கள். துவண்டு விழுந்தவர்களுக்கு ரத்தச் சர்க்கரை ரொம்பவே இறங்கியிருந்தது. அடுத்த வருஷம் முந்தின நாளே மாவுச்சத்தைக் கூட்டி, ஓடும்போது மிட்டாயும் தின்னச் சொன்னார்கள். ஆட்கள் தெளிவாக ஓடி முடித்தார்கள். நம்மூரில் பானகம், அங்கே மிட்டாய்.

1960-களில் சுவீடன்காரர்கள் தொடைத் தசையில் ஊசி குத்தித் துளி சதை எடுத்து, தசைக்குள் கிளைகோஜன் என்ற பெயரில் எவ்வளவு சர்க்கரை சேர்ந்திருக்கிறது என்று அளந்தார்கள். தசையிலும் ஈரலிலுமாக ஒரு ஆளிடம் ஏறக்குறைய 2000 கலோரி இருக்கும். ஒரு கிலோமீட்டர் ஓட, எடையில் கிலோவுக்கு ஒரு கலோரி செலவு. என் எடை 70. நான் ஓடுவது 3 கிலோமீட்டர். ஆக 210 கலோரி.

கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது. நான் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியே தப்பு. 'ஓடுவதற்கு முன் என்ன சாப்பிடணும்?' என்பது நூறு கிலோமீட்டர் ஓடுகிற கோவிந்தன் கேட்கவேண்டியது. அவனுக்கு ஏழாயிரம் கலோரி வேண்டும், கையிருப்பு போதாது. என்னைப்போன்ற கற்றுக்குட்டிக்கு நேற்று ராத்திரிச் சோறே மிச்சம். நான் கேட்கவேண்டியது, 'சாப்பிட்டு எவ்வளவு நேரம் ஆச்சு?' என்பது மட்டும்தான். வயிறு நிறைந்திருக்கும்போது ரத்தம் குடலுக்குப் போகும். ஓட ஆரம்பித்தால் காலும் தோலும் அதையே கேட்கும். கொழுப்பு இருந்தால் உணவு இரைப்பையை விட்டு இறங்க இன்னும் நேரமாகும். எங்கள் சாப்பாட்டில் அவியலுக்குத் தேங்காய், புளிச்சேரிக்குத் தேங்காய், தீயலுக்கு வறுத்த தேங்காய், மேலே ஒரு சுற்றுத் தேங்காயெண்ணெய். இரண்டு மணி நேரம் எப்படிப் போதும்? மூன்று, நாலு மணி நேரமாவது விடணும். தோசை, பழம் மாதிரி லேசானது என்றால் ஒன்று, ஒன்றரை.

வெறும் வயிற்றில் ஓடினால் என்ன என்றும் பார்த்தேன். கட்டஞ்சாயா மட்டும் குடித்துவிட்டு விடிகாலையில் ஓடினேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இதை எல்லோரும் செய்யலாம் என்று எழுத மாட்டேன். காரணம் சித்தப்பாதான்.

அன்றைக்குச் சிரித்தபோது சொல்லாததை அவர் பின்னால் ஒரு நாள் சொன்னார். மூன்றாவது தடவை ஓடியபோது அவருக்கு சுகர் மாத்திரை தொடங்கி இரண்டு வருஷம். விரதமும் விடக்கூடாது, மாத்திரையும் விடக்கூடாது என்று இரண்டையும் பிடித்துக்கொண்டார். பொன்மனை தாண்டிக் கை நடுங்கியிருக்கிறது, வேர்த்திருக்கிறது, கண் இருட்டிக்கொண்டு ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டார். பக்தி மயக்கம் என்று கூட வந்தவர்கள் விசிறியால் வீசினார்களாம். ஒரு வீட்டிலிருந்து வயசான அம்மா ஒருத்தி ஓடிவந்து, சொம்புப் பானகத்தை வாயில் ஊற்றியிருக்கிறாள். ஐந்தாறு நிமிஷத்தில் கண் தெளிந்தது.

"அந்த அம்மைக்கு எப்பிடித் தெரிஞ்சுதுன்னு கேட்டேன். 'எங்க வீட்டுக்காரருக்கும் இதே தீனம்தான்'னா."

மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றோடு ஓடப்பிடாது. டாக்டரிடம் கேட்டுவிட்டு, பையில் ஏதாவது இனிப்பு வைத்துக்கொண்டுதான் கிளம்பணும். சித்தப்பா இதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை, எட்டு வருஷம். விரதம் முறிந்ததை எப்படிச் சொல்வது என்ற கூச்சம். அதன் பிறகு ஓடப் போகவும் இல்லை.

இப்போது நான் காலை ஐந்தரைக்கு ஒரு மட்டிப்பழம் தின்றுவிட்டு ஆறு மணிக்குக் கிளம்புகிறேன். விலா குத்துவதில்லை. வருகிற மாசியில் முஞ்சிறையிலிருந்து திக்குறிச்சிவரை மட்டும் போய்ப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். சித்தப்பாவிடம் சொன்னேன். தானும் பைக்கில் பின்னால் வருவதாகச் சொல்கிறார். பானகம் அவர் கொண்டுவருவாராம்.