பத்து ஆராங்: புதைந்துபோன ஏரி

கோலாலம்பூரின் முதற்செல்வம் ஈயம். 1857ஆம் ஆண்டில் கிள்ளான் ஆற்றின் வழியே மேலேறி வந்த 87 சீனத் தொழிலாளர்கள் அம்பாங்கில் சுரங்கம் தோண்டினர். நகருக்கு அடியில் தொன்மையான சுண்ணாம்புப் பாறையும், கிழக்கே மலைத்தொடர் நெடுகக் கருங்கல்லும் உள்ளன. பூமிக்குள் கொதித்த குழம்பு ஆறி உறைந்ததே கருங்கல். ஈயத்துக்கு அதுவே தாய். எண்ணெய்க்கோ நிலக்கரிக்கோ அது தாயாகாது. அவை பிறப்பதற்குத் தாழ்ந்து செல்லும் பள்ளம் வேண்டும். அதில் சேறும் மணலும் மடிந்த தாவரங்களும் அடுக்கடுக்காகப் படிய வேண்டும். அத்தகைய சிறு படுகையொன்று, தலைநகருக்கு வடமேற்கே, ரவாங்கை அடுத்த பத்து ஆராங்கில் அமைந்துள்ளது.

மூன்று கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் அங்கே ஓர் ஏரி இருந்தது. கரையோரச் சதுப்புக் காடு நிலக்கரியாயிற்று. ஏரியடியில் பாசி கலந்து படிந்த சேறு, எண்ணெய்க்கு மூலப்பொருள் செறிந்த களிப்பாறையாயிற்று. ஆயினும் அங்கே எண்ணெய் ஊறவில்லை. அத்தகைய பாறை ஆழத்தில் புதைந்து, ஏறத்தாழ 60 முதல் 120 பாகை வரையிலான வெப்பத்தில் நெடுங்காலம் பக்குவப்பட்டால்தான் எண்ணெய் பிரியும். பத்து ஆராங்கின் பாறை அந்த அளவுக்குப் புதையவில்லை. மூலப்பொருள் இருந்தும் பக்குவம் வாய்க்கவில்லை.

வாய்த்தது நிலக்கரி. 1908இல் கண்டறியப்பட்ட அதனை 1915 முதல் மலாயன் கோலியரீஸ் நிறுவனம் வெட்டியெடுத்தது. அந்தக் கரியே மலாயாவின் இரயில் வண்டிகளை இழுத்தது. பங்சார் மின்நிலையத்தை இயக்கியது. பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே குடியிருப்புகளில் வாழ்ந்த தமிழ் ஊழியர் பலரின் அன்றாட அலுவல் அந்தக் கரியை நம்பியே நடந்தது. சுரங்கத்தில் உழைத்தோருள் சீனரே மிகுதி. இந்தியரும் மலாய்க்காரரும் உடன் உழைத்தனர். 1937 மார்ச்சில் ஆயிரக்கணக்கானோர் ஊதிய உயர்வு கோரி வேலைநிறுத்தம் செய்து, சுரங்கத்தைத் தம் வசத்தில் வைத்திருந்தனர். காவற்படை நுழைந்து அதனை முறியடித்தது.

அடக்குமுறையைத் தாங்கிய சுரங்கம் எண்ணெயின் வரவைத் தாங்கவில்லை. இரயில்வே எண்ணெய்க்கும் டீசலுக்கும் மாறியது. கரி வாங்குவோர் குறைந்தனர். 1960இல் சுரங்கம் மூடப்பட்டது. தலைமுறையாகக் கரி வெட்டிய குடும்பங்கள் வேறு பிழைப்புத் தேடிச் சென்றன.

அந்த ஏரியின் கதை தீபகற்பத்தின் கிழக்கே, கடலுக்கு அடியில், வேறுவிதமாக முடிந்தது. திரெங்கானுவுக்கு அப்பாலுள்ள மலாய்ப் படுகையிலும் தொடக்கத்தில் ஏரிகளே இருந்தன. ஆனால் அந்தப் பள்ளம் தொடர்ந்து தாழ்ந்ததால் 12 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தடிப்பில் வண்டல் குவிந்தது. ஏரிச் சேறு பக்குவப்பட்டு எண்ணெயும் எரிவாயுவும் ஈன்றது. 1969இல் தாப்பிஸ் வயல் கண்டறியப்பட்டது. 1974இல் பெட்ரோனாஸ் நிறுவப்பட்டது. 1978இல் தாப்பிஸ் எண்ணெய் தரத் தொடங்கியது. ஈயத்தால் எழுந்த கோலாலம்பூரில் பின்னர் எண்ணெய் நிறுவனத்தின் இரட்டைக் கோபுரங்கள் எழுந்தன.

படுகை சிறிதாயினும் பெரிதாயினும் அதன் செல்வம் அளவுக்கு உட்பட்டதே. பூமி கோடி ஆண்டுகளில் சேர்த்ததை மனிதன் ஒரு நூற்றாண்டுக்குள் செலவழித்து விடுகிறான். கரி மிச்சமிருக்கும்போதே அதன் தேவை போய்விடலாம் என்பதையும் பத்து ஆராங் காட்டியது. சுரங்கம் ஓய்ந்தபின் அதில் உழைத்தவன் எங்கே செல்வான் என்னும் கேள்விக்கு, சுரங்கம் ஓடும்போதே விடை தேடுவதுதான் அவ்வூர் கற்பிக்கும் பாடம்.