பச்சை உடம்பும் ஒரு முழத் துணியும்

தலைப்பிரசவம் முடிந்து ஆஸ்பத்திரியிலிருந்து அதியமான்கோட்டைக்கு, எங்கள் சேரியில் இருக்கும் அம்மா வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். வந்த அன்றே ஆயா பரண்மேலிருந்து ஒரு மூட்டையை இறக்கினாள். எல்லாம் பழைய துணி. நைந்த வேட்டி நாலு, நூல் சேலை மூணு. "பச்ச ஒடம்புக்குப் புதுத்துணி ஆவாது கண்ணு. நஞ்ச துணிதான் ஒடம்பக் கீறாது" என்றாள். வேட்டியைக் கிழித்துப் பால் கசிவுக்கு மடித்து வைத்தாள். ஒரு சேலையை நாலு விரல் அகலத்துக்கு மடித்து என் இடுப்பிலிருந்து மேலாகச் சுற்றி வயிற்றுக் கட்டு போட்டாள். இன்னொரு சேலை பிள்ளைக்குத் தூளி ஆனது.

மூட்டையின் அடியில் ஒரு ரவிக்கை கிடந்தது. நிறம் போய்விட்டது. முன்பக்கம் வைத்த ஊக்குகள் துருப்பிடித்திருந்தன. ஆனால் அக்குளில் கிழிசல் இல்லை, முதுகில் வியர்வைக் கறை இல்லை. உழைக்கிறவள் போட்ட ரவிக்கை இப்படி இருக்காது. "இது யாருது ஆயா?" என்று கேட்டேன்.

"என்துதான். ஒங்கம்மாளப் பெத்தப்ப தச்சது. அதுக்கு முன்னாடி ஏது? பெத்த பதினஞ்சாம் நாளு கேவுரு அறுக்கப் போவணும். மேல சேலத் தலப்பு மட்டுந்தான். குனிஞ்சா மாரு தெரியும். பாலு ஊறித் தலப்பு நனையும், வெயில்ல காஞ்சி மரப்பட்ட மாரி ஆயிரும். அதுவே கீறி ரத்தம் வரும். ஒங்க தாத்தா சந்தயில துணி எடுத்தாந்து தச்சிக் குடுத்தாரு. அதப் போட்டுக்கினு களத்துக்குப் போனேன். பண்ணைக்காரன் பாத்துட்டு, 'ரவிக்க போட்டவ எல்லாம் ஊட்ல உக்காந்துக்க, எனக்குக் களை எடுக்க ஆளு வேணும்'னான். அடுத்த நாளு கழட்டி வெச்சிட்டேன். ராத்திரியில மட்டும் போட்டுக்குவேன்."

ராத்திரியில், யாரும் பார்க்காத இருட்டில், என் ஆயா ஆசைக்குப் போட்டுக்கொண்ட ரவிக்கை அது. அந்த ரவிக்கையின் வரலாற்றைத் தேடிப் போனதுதான் இந்தக் கட்டுரை.

*

எங்கள் ஊரைப் பற்றிப் பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். தகடூர் அதியமான், ஔவை, நெல்லிக்கனி. தமிழ் எம்.ஏ. வகுப்பில் நானும் அந்த நெல்லிக்கனியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதித்தான் மார்க் வாங்கினேன். ஆனால் அதே அதியமானிடம் பெருஞ்சித்திரனார் என்ற புலவரும் வந்தார். அரசன் நேரில் பார்க்காமலே பரிசில் கொடுத்தனுப்பினான். அதை வாங்க மறுத்துத் திரும்பிப் போனார் என்று புறநானூறு சொல்கிறது. சுயமரியாதைக்கு எடுத்துக்காட்டாக இதை வாத்தியார்கள் சொல்வார்கள்.

அவர் குமணனிடம் பாடிய இன்னொரு பாட்டில் அவருடைய மனைவி வருகிறாள். வற்றிய முலையைப் பிள்ளை பிசைந்து இழுக்கிறது. குப்பையில் முளைத்த கீரையைப் பறித்து உப்பில்லாமல் வேகவைத்துத் தின்கிறாள். அவள் உடுத்தியிருப்பது அழுக்கேறிக் கிழிந்து குறைந்துபோன துணி. பால் கொடுக்கும் தாயின் உடையைத் தமிழ் இலக்கியத்தில் நான் முதன்முதலில் கண்டது இந்த இடத்தில்தான். இரண்டாயிரம் வருஷத்துக்கு அப்புறமும் என் ஆயாவின் தலைப்பு அதே நிலையில்தான் இருந்தது. புலவரின் மனைவிக்கு வறுமைதான் காரணம். ஆயாவுக்கோ, துணி கையில் இருந்தும் போடக் கூடாது என்ற கட்டளை காரணம்.

ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் பல சாதிக் கிழவிகளும் ரவிக்கை போடாமல்தானே இருந்தார்கள் என்று தோழர்கள் சிலர் கேட்கிறார்கள். வாஸ்தவம். எங்கள் ஊர்த்தெருவிலும் அப்படிக் கிழவிகள் இருந்தார்கள். ஆனால் அவர்களில் ஒருத்தி ஒரு நாள் ரவிக்கை போட்டுக்கொண்டு வெளியே வந்தால் களத்துக்கு வராதே என்று சொல்ல யாரும் இல்லை. போடாமல் இருப்பது வேறு, போடவிடாமல் வைப்பது வேறு.

*

இந்தக் கட்டளை எழுத்திலேயே இருக்கிறது. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் ஜில்லாவில் சாதி இந்துக்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். 1931 சென்சஸ் கமிஷனராக இருந்த ஹட்டன் இவற்றைப் பதிவு செய்திருக்கிறார். தங்கம், வெள்ளி நகை போடக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டக் கூடாது. சட்டை, பனியன் போடக் கூடாது. கிராப்பு வெட்டக் கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு புழங்கக் கூடாது. பெண்கள் துணியாலோ ரவிக்கையாலோ தாவணியாலோ மேலுடம்பை மறைக்கக் கூடாது. பூ வைக்கக் கூடாது, மஞ்சள் பூசக் கூடாது. குடை கூடாது, செருப்பு கூடாது. நம் மக்கள் மீறினார்கள். குடிசைகள் கொளுத்தப்பட்டன, தானியக் குதிர்கள் அழிக்கப்பட்டன. 1931 ஜூனில் தடைகள் பதினொன்றாயின. பித்தளைக் குடத்தில் தண்ணீர் எடுக்கக் கூடாது என்றார்கள். தலையில் குடத்துக்குக் கீழே துணிச் சும்மாடு வைக்கக் கூடாது, வைக்கோல்தான் வைக்க வேண்டும் என்றார்கள். பிள்ளைகள் படிக்கக் கூடாது என்பதும் அந்தப் பட்டியலில் உண்டு.

பால் கட்டிய மார்போடு, தலையில் வைக்கோல் சும்மாடும் மண்குடமுமாகப் பிள்ளை பெற்றவள் நடந்து வருவதை மனதில் கொண்டுவந்து பாருங்கள். இடது கையில் குழந்தை, வலது கை குடத்தில். தலைப்பு நழுவினால் இழுத்துவிட மூன்றாவது கை இல்லை. ரவிக்கை அவளுக்கு ஆடம்பரமில்லை. இரண்டு கைக்கும் வேலை இருப்பவளுக்குத் துணி தானாகவே உடம்பில் நிற்க வேண்டும். அந்த வசதியைத்தான் எட்டுத் தடைகளில் ஒன்றாக எழுதிப் பறித்தார்கள்.

இதற்கு நூறு வருஷம் முன்பே தெற்கே திருவிதாங்கூரில் தோள்சீலைப் போராட்டம் நடந்தது. கிறித்தவரான நாடார் பெண்கள் குப்பாயம் போட ஆரம்பித்தார்கள். 1822இல் கல்குளம் பக்கத்தில் சந்தையிலும் தெருவிலும் அவர்கள் துணியைக் கிழித்தார்கள். 1829இல் அரசு, குப்பாயம் போடலாம், தோள்சீலை கூடாது என்று உத்தரவு போட்டது. மறுபடி 1858, 59இல் கலவரம். 1859 ஜூலையில் மகாராஜா உத்திரம் திருநாள் பிரகடனம் வெளியிட்டார். நாடார் பெண்கள் குப்பாயம் போடலாம், முக்குவப் பெண்களைப் போல முரட்டுத்துணி கட்டலாம், வேறெப்படி வேண்டுமானாலும் மறைக்கலாம். ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல மட்டும் உடுத்தக் கூடாது.

இந்தக் கடைசி வரியைக் கவனியுங்கள். மறைப்பதற்கு அனுமதி உண்டு, அழகாக உடுத்துவதற்கு இல்லை. எது மானம், எது ஸ்டைல் என்று பிரித்துக் கோடு போடும் உரிமையை ராஜா தன் கையிலேயே வைத்துக்கொண்டார். அந்தப் பிரகடனமும் நாடார் பெண்களைப் பற்றியதுதான். புலையர், பறையர் பெண்களைப் பற்றி அது பேசவில்லை. அவர்களுக்கு மேலுடம்பில் கல்மாலைதான் சாதி அடையாளம். 1915இல் கொல்லம் பக்கத்துப் பெரிநாட்டில் கலவரம் நடந்து, புலையர் குடிசைகள் எரிந்த பிறகு, அய்யன்காளியின் தலைமையில் கொல்லத்தில் கூடிய கூட்டத்தில் பெண்கள் அந்தக் கல்மாலைகளை அறுத்தெறிந்தார்கள்.

இதையெல்லாம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். சாதியும் உடை மாற்றமும் பற்றிய அந்தப் பகுதியை நடத்த வேண்டாம் என்று சி.பி.எஸ்.இ. 2016இல் சுற்றறிக்கை அனுப்பியது. 2019இல் உடையின் சமூக வரலாறு பற்றிய பாடமே என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்திலிருந்து எடுக்கப்பட்டது. துணியைக் கிழித்தவர்களுக்குப் பிறகு பக்கத்தைக் கிழிக்கிறவர்கள் வந்தார்கள்.

*

பாபாசாகேப் இதை முதலிலேயே புரிந்துகொண்டிருந்தார். 1927 டிசம்பரில் மகாட்டில் மனுஸ்மிருதியைக் கொளுத்திய மாநாட்டின் போது பெண்களைத் தனியாகக் கூட்டிப் பேசினார். முழங்காலுக்கு மேலே தூக்கிக் கட்டுவதையும், கழுத்தும் கையும் நிறைய மட்ட உலோக நகை போடுவதையும் விடுங்கள், இவை உங்களைப் பார்த்ததும் தீண்டத்தகாதவர் என்று காட்டிக்கொடுக்கும் அடையாளங்கள் என்றார். உடனேயே பெண்கள் சேலையை இறக்கிக் கட்டிக் காட்டினார்கள். தலைவர் ஒருவர் சேலைக்கட்டைப் பற்றிப் பேசலாமா என்று இன்றைக்கு யாராவது முகம் சுளிக்கலாம். சேலையைத் தூக்கிக் கட்டு என்று சாதி கட்டளை போட்ட நாட்டில், இறக்கிக் கட்டு என்பது அரசியல்தான்.

அடுத்த வருஷமே, 1928இல், பம்பாய்ச் சட்டசபையில் பிரசவகால உதவி மசோதாவை ஆதரித்துப் பேசினார். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது தேசத்துக்கே நன்மை என்றும், அவள் உழைப்பில் லாபம் பார்க்கிற முதலாளி அந்தச் செலவில் பங்கேற்க வேண்டும் என்றும் வாதாடினார். 1929இல் அது சட்டமானது. 1961இல் மத்தியச் சட்டம் வந்து 12 வாரம் கொடுத்தது. 2017இல் 26 வாரமானது. ஆனால் இவை ஆலை, சுரங்கம், தோட்டம், கடை, ஆபீஸ் என்று பதிவேட்டில் பேர் இருக்கிறவளுக்கு. வயல்காட்டில் களை எடுக்கிறவளுக்குப் பதினைந்தாம் நாள்தான். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான தமிழக அரசின் உதவித்தொகை 2006இல் 6,000, 2011இல் 12,000, 2018இல் 18,000 ரூபாய் என்று ஏறியது. அந்தப் பணம் என் தலைமுறைக்குக் கொஞ்சம் மூச்சுவிட இடம் கொடுத்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

உடைக்கும் ஓய்வுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். பெரிதான கருப்பை பழைய அளவுக்குச் சுருங்க ஆறு வாரம் போல ஆகும். அதுவரை உதிரம் வடியும், பால் கசியும், இடுப்பு வலிக்கும். அந்த உடம்பை வரப்பில் நிறுத்திவிட்டு எந்தத் துணியைப் போட்டாலும் அது துணி இல்லை.

*

நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய ஒன்றும் இருக்கிறது. உதிரம் பட்ட அந்தத் துணிகளை யார் துவைத்தார்கள்? தமிழ்நாட்டின் பல சேரிகளில் பிரசவத் துணியையும் தூரத்துணியையும் துவைத்தவர்கள் புதிரை வண்ணார்கள். மருத்துவச்சியாக வந்து பிள்ளையை எடுத்ததும் பல இடங்களில் அந்த வீட்டுப் பெண்தான். கூலி என்ன? ராத்திரிச் சோறும் களத்து மேட்டுத் தானியமும். பார்த்தாலே தீட்டு என்று ஊர் அவர்களைப் பகலில் நடமாடவிடவில்லை. ஊர்த்தெரு நம்மேல் வைத்த தீட்டை நாம் அவர்கள்மேல் வைத்தோம். 1994இல் இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' வந்தபோது நம் பத்திரிகைகளில் எவ்வளவு சண்டை நடந்தது என்பது பழைய வாசகர்களுக்கு நினைவிருக்கும். என் ஆயாவின் ரவிக்கைக்காக அழுகிற நான், அவளுடைய பிரசவத் துணியைத் துவைத்தவள் என்ன உடுத்தியிருந்தாள் என்று கேட்காவிட்டால் இந்தக் கட்டுரை பாதி பொய்.

*

2012 நவம்பர் 7ஆம் தேதி எங்கள் மாவட்டத்தில் நாய்க்கன்கொட்டாய் பக்கத்தில் நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி மூன்றும் எரிந்தன. இருநூற்றைம்பதுக்கு மேற்பட்ட வீடுகள். பெங்களூருக்குப் போய்க் கட்டட வேலை செய்து சேர்த்த பீரோ, பட்டுச்சேலை, பிள்ளைகளின் சர்டிபிகேட் எல்லாம் சாம்பல். ஜனங்கள் உடுத்திய துணியோடு ஓடினார்கள். அந்தக் காலத்தில்தான் வடமாவட்டத்து அரசியல் தலைவர் ஒருவர், தலித் பையன்கள் ஜீன்ஸும் டீ சர்ட்டும் கூலிங்கிளாசும் போட்டுப் பெண்களை மயக்குகிறார்கள் என்று பேசிக்கொண்டு திரிந்தார். ராமநாதபுரத்தின் எட்டுத் தடைகளை எண்பது வருஷம் கழித்து மேடையில் வாசித்தது போலத்தான் எனக்குக் கேட்டது.

*

இப்போது என் கதைக்கு வருகிறேன். தர்மபுரிக் கடைவீதியில் பால் கொடுக்கிறவர்களுக்கென்று நைட்டி விற்கிறது. இரண்டு பக்கமும் மடிப்புக்குள்ளே ஜிப் மறைந்திருக்கும். பூப்போட்டது ஒன்றும் கறுப்பில் மஞ்சள் கோடு போட்டது ஒன்றும் வாங்கினேன். எங்கள் தெரு டெய்லர் பழைய ரவிக்கைகளின் பக்கத் தையலைப் பிரித்து, உள்ளே விட்டிருந்த துணியை வெளியே கொண்டுவந்து, என் புது உடம்புக்குச் சரிசெய்து கொடுத்தார். உடம்பு பெருத்துவிட்டதே என்று நான் கூச்சப்பட்டபோது, "துணிதாம்மா ஒடம்புக்கு. ஒடம்பு துணிக்கு இல்ல" என்றார். இந்த ஒரு வாக்கியத்தை நான் எந்தப் பெண்ணியப் புத்தகத்திலும் இவ்வளவு சுருக்கமாகப் படித்ததில்லை.

மூன்றாம் மாதம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இயக்கக் கூட்டம் ஒன்றுக்குப் போனேன். ஜிப் வைத்த குர்தா, துப்பட்டா இல்லை. கூட்டம் முடிந்ததும் மூத்த தோழர் ஒருவர் தனியே கூப்பிட்டு, "மேல ஒரு துண்டு போட்டுக்கம்மா, நாலு பேரு வர்ற எடம்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. அன்றைக்குத் துண்டு போடாதே என்றார்கள். இன்றைக்குத் துண்டு போடாமல் வராதே என்கிறார்கள். 2018இல் ஆந்திராவில் கோதாவரிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், பகலில் நைட்டி போட்டால் 2,000 ரூபாய் அபராதம், காட்டிக்கொடுத்தால் 1,000 ரூபாய் வெகுமதி என்று ஊர்ப்பெரியவர்கள் தண்டோரா போட்டார்கள். போடாதே என்பதும் போடு என்பதும் ஒரே வாயிலிருந்துதான் வருகிறது. என் உடம்பின்மேல் என்ன இருக்க வேண்டும் என்று அது தீர்மானிக்கிறது. தோழருக்கு அன்று பதில் சொல்லவில்லை. இதுதான் பதில்.

எங்கள் பக்கத்துப் பெண்கள் ஓசூருக்கும் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் தையல் வேலைக்குப் போகிறார்கள். வெளிநாட்டுத் தாய்மார்களுக்கும் குழந்தைகளுக்கும் இழைத்து இழைத்துத் தைக்கிறார்கள். பிள்ளை பெற ஊருக்கு வரும்போது அவர்களுக்கும் நைந்த துணி மூட்டைதான். நைந்த துணி நல்லதுதான், ஆயா சொன்னது சரி, மெத்தென்று இருக்கும். அதோடு ஒரு நல்ல துணியும் வேண்டும். கண்ணாடியில் பார்த்துக்கொள்ள, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கடைவீதிக்குப் போக. மானத்துக்காக உடுத்த நமக்கு நூறு வருஷம் பிடித்தது. சந்தோஷத்துக்காக உடுத்துவதற்கு யாரிடமும் மனு போட வேண்டாம்.

முப்பதாம் நாள் பிள்ளைக்குப் பேர் வைத்தோம். ஆயாவுக்குக் கத்தரிப்பூ நிறத்தில் ரவிக்கை தைத்துக் கொடுத்தேன், முன்பக்கம் ஊக்கு வைத்து. "இந்த வயசுல எனக்கு எதுக்குடி" என்று திட்டினாள். போட்டுக்கொண்டாள். அப்புறம் வாசலில் நல்ல வெயிலில் போய் உட்கார்ந்தாள்.