தரவுத்தளம் ஆக்கும் அதிகாரம்: ஒரு வரலாற்று நோக்கு

இணையத்தளம் அமைக்கும் ஒருவர், சேவையகத்தில் இயங்கும் சிறு செய்நிரலொன்றினாலே புதிய தரவுத்தளமொன்றைச் சில கணங்களில் ஆக்கிவிடுகின்றார். பெருநிறுவனங்களின் கணனிக்கூடங்களிற் பயிற்சி பெற்ற சிலருக்கே உரியதாயிருந்த இவ்வாற்றல் பலர் கைக்கு வந்த வரலாறு ஆராயத்தக்கது.

1960களில் தரவுகள் மரக்கிளை போன்றோ வலைப்பின்னல் போன்றோ பிணைக்கப்பட்டிருந்தன. தேவையான தரவினை எவ்வழியே சென்றடைவது என்பதைச் செய்நிரல் எழுதுபவரே அறிந்திருத்தல் வேண்டும். சேமிப்பின் அமைப்பு மாறின் செய்நிரலையும் மாற்ற வேண்டியிருந்தது. 1970இல் ஐ.பி.எம். ஆய்வாளர் எட்கர் கொட் வெளியிட்ட கட்டுரை இத்தளையை அறுக்க வழிகாட்டிற்று. தரவுகள் யாவும் நிரைகளும் நிரல்களும் கொண்ட அட்டவணைகளாகவே பயனருக்குத் தோன்றவேண்டும். அவை எங்கு, எவ்வாறு சேமிக்கப்பட்டுள்ளன என்பது அவருக்கு வேண்டாதது என்பதே அவர் கருத்தின் சாரமாகும்.

1974இல் சேம்பர்லின், பொய்ஸ் ஆகிய இருவரும் அறிமுகஞ்செய்த மொழியே பின்னர் எஸ்.கியூ.எல். எனப் பெயர்பெற்று, 1986இல் அமெரிக்க நியமமாயிற்று. வினவவும் ஆக்கவும் அழிக்கவும் ஒரே மொழி போதியதாயிற்று. ஆதலின், யார் எதனைச் செய்யலாம் என்ற வினா எழுந்தது. அதிகாரத்தை வழங்கவும் மீளப்பெறவும் உதவும் முறைமையொன்றை 1976இலேயே கிறிபித்ஸ், வேட் ஆகியோர் விளக்கியமை குறிப்பிடத்தக்கது.

1995இல் ராஸ்மஸ் லேர்டோர்ப் பி.எச்.பி.யை வெளியிட்டார், அதே ஆண்டில் சுவீடனில் மைஎஸ்.கியூ.எல். தோன்றியது. இவையிரண்டும் இணைந்தபோது பெரும்பொருட் செலவின்றித் தரவுத்தளம் ஆக்குதல் எளிதாயிற்று. செய்நிரல் பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் அளித்துத் தரவுத்தளச் சேவையகத்துடன் இணையும். ஒரு வரிக் கட்டளையாலே தரவுத்தளத்தை ஆக்கும். அதன்பின் அட்டவணைகளை வகுக்கும்.

எனினும், எளிமை வந்தவிடத்துப் பழைய எச்சரிக்கை மறக்கப்பட்டது. பலர் முழு அதிகாரமுள்ள கணக்கையே செய்நிரலிடம் ஒப்படைத்தனர். பயனர் இடும் சொற்களோடு கட்டளையைக் கலந்து அனுப்பித் தரவுத்தளத்தை ஊடுருவலாம் என்பது 1998இல் பகிரங்கமாக விளக்கப்பட்டது. அத்தகைய செய்நிரலின் வாயிலாக, ஆக்கும் அதிகாரத்தோடு அழிக்கும் அதிகாரமும் அந்நியர் கைக்குச் செல்லலாயிற்று. கட்டளையையும் பயனர் தரும் பெறுமதிகளையும் வேறுபடுத்தி அனுப்பும் முறையும், ஆக்குதற்கொரு கணக்கு, அன்றாடப் பயன்பாட்டுக்கு வரையறுத்த வேறொரு கணக்கு என்னும் ஒழுங்குமே இதற்குத் தக்க பரிகாரங்களாகும்.

கொட்டின் சிந்தனை தரவினைச் சேமிப்பின் தளையிலிருந்து விடுவித்தது. இணையச் செய்நிரல் அவ்விடுதலையைப் பலருக்கு உரியதாக்கியது. ஆற்றல் பரவுமிடத்து அதிகார வரையறையும் உடன்பரவ வேண்டும் என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.